பழைய டூ ஸ்பீடு மோட்டாரை டிரைவில் ஓட்டுவது: முழுமையான வழிகாட்டி

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ என்று எந்தப் பக்கத்து லேத்துப் பட்டறைக்குள் நுழைந்தாலும் சுவரோரம் ஒரு பழைய மெஷின் நிற்கும். அதன் முகப்பில் 1, 0, 2 என்று எண் போட்ட ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். 1-இல் வைத்தால் மெதுவாக ஓடும், 2-இல் வைத்தால் இரண்டு மடங்கு வேகம். உள்ளே இருப்பது டூ ஸ்பீடு மோட்டார். ஸ்பின்னிங் மில்லின் பழைய ரிங் ஃபிரேம், சாயப்பட்டறையின் பிழியும் மெஷின், ஃபவுண்டரியின் ஹாயிஸ்ட் எல்லாவற்றிலும் இதே வகைதான்.

இதற்கு வி.எஃப்.டி., அதாவது கரண்டின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ், மாட்டும்போது பெரும்பாலானோர் செய்வது ஒன்றே. மெயினில் இருந்து சுவிட்சுக்குப் போன மூன்று ஒயரைக் கழற்றி, நடுவில் டிரைவை வைத்து, பழைய சுவிட்சை அப்படியே விட்டுவிடுவார்கள். முதல் வாரம் நன்றாகவே ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது பழக்கதோஷத்தில் 1-இல் இருந்து 2-க்குத் திருப்பும் நாளில் டிரைவ் ஓவர் கரண்ட் காட்டி நிற்கும், அல்லது அதற்குள் கரண்டை வெட்டும் ஐ.ஜி.பி.டி. வெடித்துச் சாகும்.

எனவே வழி இதுதான்: இரண்டு வேகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, டெர்மினல் பாக்ஸிலேயே நிரந்தரமாகக் கட்டிவிட்டு, வேகத்தை மாற்றும் வேலையை முழுக்க டிரைவிடம் கொடுப்பது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதிக வேகத்துக்கான கனெக்‌ஷன்தான் சரி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். லேத்துக்குப் பெரும்பாலும் அது தவறு. ஏன் என்பது கீழே வருகிறது.

முதலில் ஒரு கேள்வி: இந்த மோட்டார் தேவையா?

காலில் நிற்கும் சாதாரண ஃபிரேம் மோட்டார், பெல்ட்டில் ஓட்டுவது, புல்லியைக் கழற்றி மாட்டலாம் என்றால் பழையதோடு மல்லுக்கட்ட வேண்டாம். 3 ஹெச்பி, 4 போல் (காந்தத் துருவம்), 100எல் ஃபிரேம், 28 மி.மீ. ஷாஃப்ட் கொண்ட புது மோட்டார் கோவையில் எந்த மோட்டார் கடையிலும் கிடைக்கும். அதை மாட்டினால் இந்த வழிகாட்டியில் பாதி தேவையே இல்லை.

பழையதை வைத்துக்கொள்ள நியாயமான காரணங்கள் உண்டு: மோட்டார் ஃபிளாஞ்ச் மூலம் கியர்பாக்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது, ஷாஃப்ட் அங்குல அளவில் இருப்பது, மெஷினின் காலுக்குள் புது மோட்டார் நுழையாதது. அப்படிப்பட்ட மெஷினுக்குத்தான் இது.

நேம் பிளேட் சொல்வது

எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டுப் படியுங்கள். இரண்டு ஆர்.பி.எம்., இரண்டு கிலோவாட் அல்லது ஹெச்பி, இரண்டு ஆம்பியர் இருக்கும். 50 ஹெர்ட்ஸில் 2 போல் என்றால் சுமார் 2880, 4 போல் 1440, 6 போல் 960, 8 போல் 720.

வேகம் சரியாக இரண்டு மடங்காக இருந்தால் (720/1440 அல்லது 1440/2880) அது பெரும்பாலும் டாலாண்டர் வைண்டிங். ஒரே வைண்டிங்கின் ஒவ்வொரு பேஸிலும் பாதிக் காயில்களில் கரண்டின் திசையைத் திருப்பி, போல் எண்ணிக்கையைப் பாதியாக்கும் வித்தை இது. ஸ்வீடன் பொறியாளர் ராபர்ட் டாலாண்டர் 1897-இல் காப்புரிமை வாங்கியது. 960/1440 போல இரண்டு மடங்கு இல்லாத ஜோடி என்றால், ஒரே ஸ்டேட்டருக்குள் (மோட்டாரின் சுற்றாத பாகம்) இரண்டு தனித்தனி வைண்டிங் இருக்க வாய்ப்பு அதிகம்.

கிலோவாட் கணக்கும் துப்பு கொடுக்கும். மேல் வேகத்தில் கிலோவாட் கொஞ்சம்தான் கூடுகிறது, உதாரணமாக 2.2/2.8 என்றால், அது கீழ் வேகத்தில் டெல்டா (காயில்களை வளையமாகக் கோப்பது), மேல் வேகத்தில் டபுள் ஸ்டார் (காயில்களின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டார், இணையாக இரண்டு). மெஷின் டூல்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான். மேல் வேகத்தில் நான்கு மடங்கு, அதற்கும் மேலே என்று தாவினால் ஃபேன், புளோயர் வகை: ஸ்டார், டபுள் ஸ்டார். இரண்டு வேகத்துக்கும் ஒரே கிலோவாட் என்றால் கனெக்‌ஷன் தலைகீழ்: கீழ் வேகத்தில் டபுள் ஸ்டார், மேல் வேகத்தில் டெல்டா. இந்தக் கடைசி வகை கையில் வந்தால் கீழே சொல்லும் டெர்மினல் எண்களை அப்படியே பின்பற்றாதீர்கள். மூடியின் உட்புறம் உள்ள படத்தைப் பார்த்தே கட்டுங்கள்.

டெர்மினல் பாக்ஸைத் திறந்து

மெயினை ஆஃப் செய்து, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, டெஸ்டரால் ஒருமுறை தொட்டுப் பார்த்த பிறகு திறக்கவும். கழற்றும் முன் போனில் நாலு கோணத்தில் படம் எடுத்து, ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு துண்டு டேப் ஒட்டி எண் எழுதிவிடுங்கள். பழைய மோட்டாரில் ஒயர் நிறத்தை நம்பவே கூடாது. முப்பது வருடத்தில் மூன்று பேர் கை வைத்திருப்பார்கள், மூவரும் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்கள்.

ஆறு முனைகள் இருக்கும். இப்போதைய குறியீட்டில் கீழ் வேகத்துக்கு 1யூ, 1வி, 1டபிள்யூ (1-குழு). மேல் வேகத்துக்கு 2யூ, 2வி, 2டபிள்யூ (2-குழு). குறியே இல்லை என்றால் மல்டிமீட்டர் எடுக்க வேண்டியதுதான். வெளியே இருந்து வரும் ஒயர்கள், பித்தளைப் பட்டைகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆறு முனைக்குள் ஒவ்வொரு ஜோடியாக அளக்கவும். மொத்தம் 15 ஜோடி. மீட்டர் ஒயரின் சொந்த ரெசிஸ்டன்ஸ் 0.2 அல்லது 0.3 ஓம் இருக்கும்; இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஜோடிகளில் மட்டும் ரீடிங், மற்றதெல்லாம் ஓப்பன் என்றால், அது டூ ஸ்பீடே இல்லை. ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டருக்கான சாதாரண மோட்டார்.

மும்மூன்றாக இரண்டு குழு, குழுவுக்குள் ஒரே ரீடிங், குழுக்களுக்கு இடையே ஓப்பன் என்றால் இரண்டு தனி வைண்டிங்.

ஆறுக்கும் ஆறு தொடர்பு இருந்தால் டாலாண்டர். அதிலும் இரண்டு வகையை மீட்டரே பிரித்துக் காட்டும். டெல்டா வகையில் ஆறு அரைக் காயில்கள் வளையமாகக் கோத்திருக்கும். அதனால் ரீடிங்குகள் 5 : 8 : 9 என்ற விகிதத்தில் விழும். உதாரணமாக ஆறு ஜோடிகளில் 2.5 ஓம், ஆறு ஜோடிகளில் 4.0 ஓம், மூன்று ஜோடிகளில் 4.5 ஓம். ஸ்டார் வகையில் 1 : 2 : 3 : 4 வரும், 1.5, 3.0, 4.5, 6.0 என்பது போல.

ஸ்டார் வகையில் எது எந்த முனை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்: தங்களுக்குள் 4 பங்கு காட்டும் மூன்று முனைகள் 1-குழு, 2 பங்கு காட்டும் மூன்று முனைகள் 2-குழு. டெல்டா வளையத்தில் அந்த வசதி இல்லை. 8 பங்கு காட்டும் முனைகளை மும்மூன்றாகப் பிரித்தால் இரண்டு குழு கிடைக்கும். ஆனால் எது 1-குழு, எது 2-குழு என்று ஓம் கணக்கு சொல்லாது, வளையம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. பழைய சுவிட்சின் இணைப்பை வைத்துக் கண்டுபிடியுங்கள்: வேகம் 2-இல் சுவிட்ச் எந்த மூன்றை ஒன்றாக ஷார்ட் செய்கிறதோ அவைதான் 1-குழு. சுவிட்சும் இல்லை என்றால் வைண்டிங் கடைக்குக் கொண்டுபோவது நல்லது. தவறான குழுவுக்குக் கரண்ட் கொடுத்தால் மோட்டார் முனகும், லோடு இல்லாமலேயே ஆம்பியர் ஏறும்.

ஒரே வகை ஜோடிகளின் ரீடிங் ஒன்றுக்கொன்று 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால், உள்ளே ஒரு காயிலில் டர்ன் ஷார்ட் அல்லது லூஸ் ஜாயிண்ட் இருக்கிறது. மேலே போக வேண்டாம்.

மோட்டார் டிரைவைத் தாங்குமா

டிரைவ் தருவது வழுவழுப்பான கரண்ட் அல்ல. 415 வோல்ட் லைனை டிசியாக்கினால் சுமார் 587 வோல்ட். அதைத்தான் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. கேபிள் நீளமானால் மோட்டார் முனையில் இந்த அடி கிட்டத்தட்ட இரண்டு மடங்காக எகிறும். பழைய வைண்டிங்கின் காட்டன் டேப்பும் வார்னிஷும் இந்த அடிக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) ஒவ்வொரு குழுவுக்கும் பாடிக்கும் இடையே பாருங்கள். தனி வைண்டிங் என்றால் இரண்டு குழுக்களுக்கு நடுவிலும் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே என்றால் ஓட்டக் கூடாது. 1 முதல் 5 வரை என்றால் ஈரமும் தூசியும் இருக்கிறது என்று பொருள். பிரித்து, பஞ்சையும் இரும்புத் தூளையும் ஊதி எடுத்து, உலர்த்துங்கள். சித்திரை வெயிலில் இரண்டு நாள் வைத்தாலே நிறைய ஏறும். இல்லாவிட்டால் ரோட்டரை எடுத்துவிட்டு ஸ்டேட்டருக்குள் ஒரு 100 வாட் குண்டு பல்பை இரவு முழுக்க எரிய விடலாம். காயிலைத் தொடாமல் தொங்கவிடுங்கள். பிறகு வைண்டிங் கடையில் ஒரு கோட் வார்னிஷ் போட்டு ஓவனில் வைத்து வாங்குங்கள். மெகரைச் சுற்றும்போது டிரைவ் மோட்டாரோடு இணைந்திருக்கவே கூடாது. ஒரே சுற்றில் டிரைவ் போய்விடும்.

ரீவைண்டிங் செய்ய வேண்டிய நிலை என்றால் டூ ஸ்பீடை மறந்துவிடுங்கள். 1440/2880 மோட்டாரை "சிங்கிள் ஸ்பீடு 4 போல், ஆறு முனை வெளியே, டபுள் கோட் கம்பி, எஃப் கிளாஸ் இன்சுலேஷன், பேஸுக்கு நடுவே பேப்பர்" என்று சொல்லிக் கட்டச் சொல்லுங்கள். டிரைவுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பழைய கிரீஸ் சோப்பு மாதிரி காய்ந்து கிடக்கும்.

எந்த வேகத்தைக் கட்டுவது

மேலே சொன்ன 2.2/2.8 கிலோவாட், 1440/2880 மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். ஷாஃப்டில் கிடைக்கும் டார்க், பட்டறைப் பேச்சில் இழுவை, 4 போல் டெல்டாவில் சுமார் 14.6 நியூட்டன் மீட்டர். 2 போல் டபுள் ஸ்டாரில் சுமார் 9.3 மட்டுமே. கிலோவாட் அதிகம் என்று 2 போலைக் கட்டினால், டிரைவ் வேகத்தைக் குறைக்கும்போதும் அந்த 9.3-ஐத் தாண்டாது. 1440 ஆர்.பி.எம்.மில் பழைய மெஷின் வெட்டிய ஆழத்தை இப்போது வெட்டாது. "டிரைவ் போட்டதுல இருந்து இழுக்கவே மாட்டேங்குதுங்க" என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

4 போல் டெல்டாவைக் கட்டினால் 50 ஹெர்ட்ஸ் வரை முழு 14.6 கிடைக்கும். அதற்கு மேலே வோல்டேஜ் 415-இலேயே நின்றுவிடும், இழுவை படிப்படியாகக் குறையும். 75 ஹெர்ட்ஸில் சுமார் 9.7. 87 ஹெர்ட்ஸில், அதாவது 2500 ஆர்.பி.எம். பக்கத்தில், சுமார் 8.4. மேல் முனையில் இழப்பது சொற்பம், கீழ் முனையில் கிடைப்பது ஒன்றரை மடங்கு. லேத், மில்லிங், டிரில்லிங் எல்லாவற்றுக்கும் கனமான வெட்டு குறைந்த வேகத்தில்தான். எனவே 4/2 போல் மோட்டாருக்கு எங்கள் தீர்ப்பு டெல்டாதான். ஆனால் 90 ஹெர்ட்ஸைத் தாண்ட வேண்டாம். மோட்டார் தாங்கும் உச்ச இழுவை ஹெர்ட்ஸின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 100 ஹெர்ட்ஸில் நாலில் ஒரு பங்குதான் மிச்சம். அங்கே கொஞ்சம் ஆழமாகக் கொடுத்தாலும் மோட்டார் ஸ்டால் ஆகி நின்றுவிடும்.

8/4 போல், அதாவது 720/1440 மோட்டார் என்றால் கணக்கு மாறும். 1.5/2.4 கிலோவாட் மோட்டாரில் 8 போலின் இழுவை சுமார் 19.9, 4 போலினுடையது 15.9. வித்தியாசம் கால் பங்குதான். ஆனால் 8 போல் வைண்டிங் லோடு இல்லாமலேயே நிறைய ஆம்பியர் தின்னும். 1440-ஐ எட்டவே 100 ஹெர்ட்ஸ் வேண்டும். இங்கே 4 போலைக் கட்டி 15 முதல் 75 ஹெர்ட்ஸ் வரை ஓட்டுவதே நல்லது. 6/4 தனி வைண்டிங்கிலும் 4 போல்தான். ஃபேன், புளோயருக்கு யோசனையே வேண்டாம், மேல் வேகம்.

கட்டுவது எளிது. டெல்டாவுக்கு, டிரைவின் மூன்று ஒயர் 1யூ, 1வி, 1டபிள்யூவில். 2-குழு மூன்றும் தனித்தனியாக ஸ்லீவ் போட்டு, ஒன்றையொன்று தொடாமல் ஓப்பன். டபுள் ஸ்டாருக்கு, டிரைவின் ஒயர் 2யூ, 2வி, 2டபிள்யூவில். 1யூ, 1வி, 1டபிள்யூ மூன்றையும் பித்தளைப் பட்டையால் ஒன்றாக இறுக்கிவிடுங்கள். அந்தச் சந்திப்பை நியூட்ரலிலோ எர்த்திலோ சேர்க்கக் கூடாது. தனி வைண்டிங் மோட்டாரில் பயன்படுத்தாத மூன்று முனையிலும் ஓடும்போது வோல்டேஜ் இருக்கும். "சும்மா இருக்கிற ஒயர்தானே" என்று யாரும் தொட்டுவிடக் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக இன்சுலேட் செய்யுங்கள்.

சிங்கிள் பேஸ் மட்டும் உள்ள இடத்தில்

வீட்டுக்குப் பின்னால் லேத் போட்டவர்கள் 230 வோல்ட் சிங்கிள் பேஸ் டிரைவ் வாங்கி ஏமாறுவது இங்கேதான். அந்த டிரைவ் கொடுப்பது அதிகபட்சம் 230 வோல்ட் த்ரீ பேஸ். சாதாரண 3 ஹெச்பி மோட்டாரை ஸ்டாரில் இருந்து டெல்டாவுக்கு மாற்றி அந்த வோல்டேஜில் ஓட்டிவிடலாம். டாலாண்டரில் ஆறு முனையும் வேக மாற்றத்துக்கே செலவாகிவிட்டன. அந்த மாற்றம் முடியாது. 230 வோல்ட்டில் ஓட்டினால் சுமார் 27 ஹெர்ட்ஸ் வரைதான் முழு இழுவை. 50-க்குப் போகும்போது பாதிக்குக் கொஞ்சம் மேலே. அது போதும் என்றால் ஓட்டுங்கள். போதாது என்றால் மோட்டாரை மாற்றுவதுதான் வழி.

டிரைவ் வாங்கும்போது

ஹெச்பியைச் சொல்லி வாங்காதீர்கள், ஆம்பியரைச் சொல்லி வாங்குங்கள். நீங்கள் கட்டப்போகும் வேகத்துக்கு நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியரோடு 20 சதவீதம் கூட்டி, அதற்கு மேல் அவுட்புட் கரண்ட் உள்ள டிரைவ். அதுவும் ஹெவி டியூட்டி ரேட்டிங்கில் பாருங்கள். 5.0 ஆம்பியர் மோட்டாருக்கு 2.2 கிலோவாட் டிரைவ் பெரும்பாலும் ஐந்தரை ஆம்பியர் பக்கம்தான் தரும்; 3.7 கிலோவாட் எடுத்தால் நிம்மதி. 8 போல் என்றால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம்.

டிரைவுக்கு முன்னால் 3 சதவீத லைன் சோக் ஒன்று வையுங்கள். பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் மெஷின் போடும்போது வரும் அடியை அது வாங்கிக்கொள்ளும். கேபிள் 10 மீட்டருக்கு மேல் போனால், அல்லது மோட்டார் ரொம்பப் பழசு என்றால், அவுட்புட் சோக்கும் வேண்டும்.

ஈரோடு, கரூர் பக்கம் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். நிறைய டிரைவ்கள் 40 டிகிரி வரைதான் முழு ஆம்பியர் கொடுக்கும். தகரக் கூரைக்கு அடியில் மூடிய பெட்டிக்குள் வைத்தால் உள்ளே ஐம்பதைத் தாண்டிவிடும். ஃபில்டர் வைத்த ஃபேன் உள்ள பெட்டி, கூலண்ட் தெறிக்காத இடம், டிரைவுக்கு மேலும் கீழும் 10 செ.மீ. காற்று வழி இருக்க வேண்டும்.

பழைய பேனலில் எதை எடுப்பது, எதைத் தனியாக்குவது

இங்கே அவசரப்பட்டால் டிரைவ் போகும்.

மோட்டாரோடு சேர்த்து மாட்டிய கெப்பாசிட்டர் இருக்கிறதா பாருங்கள். பவர் ஃபேக்டருக்காக நம் பக்கத்துப் பட்டறைகளில் ஸ்டார்ட்டருக்கு அந்தப் பக்கம் ஒன்று தொங்கும். டிரைவின் அவுட்புட்டில் கெப்பாசிட்டர் இருந்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே சாவு. எடுத்துவிடுங்கள்.

பழைய வேக சுவிட்ச், ஃபார்வர்டு ரிவர்ஸ் சுவிட்ச், கான்டாக்டர், சிங்கிள் பேஸ் பிரிவென்ட்டர், ஓவர்லோடு ரிலே எல்லாம் மோட்டார் லைனில் இருந்து வெளியே. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒயர் மட்டும்தான். ஃபார்வர்டு ரிவர்ஸ் கைப்பிடியை வீசிவிட வேண்டாம். அதன் கான்டாக்ட்டுகளைச் சுத்தம் செய்து டிரைவின் கண்ட்ரோல் டெர்மினலுக்குக் கொடுத்தால் ஆபரேட்டரின் கைப்பழக்கம் மாறாது.

கூலண்ட் பம்ப், மெஷின் விளக்கின் 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், மேக்னெட்டிக் பிரேக் இருந்தால் அது, இவை பெரும்பாலும் மோட்டார் சுவிட்சுக்குப் பின்னாலேயே தட்டியிருக்கும். அனைத்தையும் டிரைவுக்கு முன்னால், நேரடி மெயினுக்கு மாற்றுங்கள். 20 ஹெர்ட்ஸில் கூலண்ட் பம்ப் தண்ணீர் ஏற்றாது, டிரான்ஸ்ஃபார்மர் சூடாகிப் புகையும்.

ஒயரிங்

3 ஹெச்பிக்கு 16 ஆம்பியர் சி கர்வ் எம்.சி.பி., 2.5 சதுர மி.மீ. நான்கு கோர் கேபிள், முடிந்தால் ஷீல்டு உள்ளது. இன்கமிங் ஆர், எஸ், டி; அவுட்கோயிங் யூ, வி, டபிள்யூ. இதை மாற்றிக் கட்டினால் டிரைவ் அப்போதே காலி, வாரண்டியும் கிடையாது. மாட்டும் முன் இரண்டு பேர் பாருங்கள்.

மோட்டார் பாடி, மெஷின் பாடி, டிரைவ் மூன்றுக்கும் எர்த் ஒரே எர்த் பட்டைக்கு வர வேண்டும். 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்; ஆர்.சி.சி.பி.யும் இதே வேலைக்கு) டிரைவின் கசிவில் அடிக்கடி விழும். அதற்காக எர்த்தைக் கழற்றிவிடும் "வைத்தியம்" நம் ஊரில் சகஜம். செய்யவே செய்யாதீர்கள். மெஷினுக்குத் தனி லைன் கொடுத்து, டிரைவுக்கு ஏற்ற வகை ஆர்.சி.சி.பி. போடுவதுதான் சரி.

ஸ்டார்ட், ஸ்டாப்புக்கு இரண்டு புஷ் பட்டன் வைத்து த்ரீ ஒயர் முறையில் கட்டுங்கள். சுவிட்ச் ஆன் நிலையிலேயே நிற்கும் டூ ஒயர் முறையில், கரண்ட் போய்த் திரும்ப வரும்போது மெஷின் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ஒருவர் சக்கில் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுற்றும் பிடி) கை வைத்திருப்பார். டிரைவில் ஆட்டோ ரீஸ்டார்ட் ஆஃப் என்பதையும் உறுதி செய்யுங்கள். ஃபார்வர்டு ரிவர்ஸ் கைப்பிடியை டூ ஒயராகவே கட்டியிருந்தால், பவர் வந்ததும் ஓடாமல் தடுக்கும் பாராமீட்டர் உண்டு. அதை ஆன் செய்யாமல் விடாதீர்கள்.

மெயின் கான்டாக்டரைத் தட்டித் தட்டி ஸ்டார்ட் செய்யக் கூடாது. உள்ளே இருக்கும் சார்ஜிங் ரெசிஸ்டர் எரிந்துவிடும்.

செட்டிங்

டிரைவுக்கு டிரைவ் பாராமீட்டர் எண் மாறும், விஷயம் மாறாது. முதலில் ஃபேக்டரி ரீசெட். பிறகு நீங்கள் கட்டிய வேகத்துக்கு உரிய நேம் பிளேட் விவரங்கள் மட்டும்: 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 5.0 ஆம்பியர், 1430 ஆர்.பி.எம். இரண்டு வேகத்தில் ஒன்றின் ஆம்பியரையும் மற்றதின் ஆர்.பி.எம்.மையும் கலந்து போடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

பேஸ் ஃபிரீக்வென்சி 50, மேக்சிமம் 85, மினிமம் 12. ஆக்சிலரேஷன் 5 நொடி, டிசிலரேஷன் 8 நொடி. கேரியர், அதாவது டிரைவ் வோல்டேஜை வெட்டும் வேகம், 2 முதல் 4 கிலோ ஹெர்ட்ஸ். மோட்டார் கீச்சென்று கத்தும், கத்தட்டும். கேரியரை ஏற்றினால் சத்தம் குறையும், ஆனால் வைண்டிங் மீது விழும் அடி கூடும். டார்க் பூஸ்ட் (குறைந்த ஹெர்ட்ஸில் கொடுக்கும் கூடுதல் வோல்டேஜ்) 3 சதவீதத்தில் தொடங்குங்கள். வோல்டேஜும் ஹெர்ட்ஸும் ஒரே விகிதத்தில் ஏறும் வி/எஃப் முறையிலேயே முதலில் ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்றால் டிரைவே மோட்டாரை அளந்துகொள்ளும் ஆட்டோ டியூன் செய்து சென்சார்லெஸ் வெக்டர் முறைக்கு மாறலாம். குறைந்த வேக இழுவையில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். மோட்டார் தெர்மல் ஓவர்லோடை ஆன் செய்யுங்கள். வெளியே ரிலே இல்லை, இனி இதுதான் காவல்.

சக்கை மரையில் திருகி மாட்டும் பழைய லேத் என்றால் டிசிலரேஷனை 10 நொடிக்குக் கீழே குறைக்காதீர்கள், ரிவர்ஸையும் லாக் செய்துவிடுங்கள். சட்டென்று பிரேக் பிடித்தால் கனமான சக் தன் வேகத்தில் மரையில் இருந்து கழன்று வெளியே வரும்.

முதல் ஓட்டம்

பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் 12 ஹெர்ட்ஸில் ஓட்டுங்கள். திசை தவறு என்றால் அவுட்புட்டில் இரண்டு ஒயரை மாற்றலாம். மாற்றும் முன் பவரை அணைத்து, டிரைவ் டிஸ்பிளே செத்த பிறகும் 10 நிமிடம் காத்திருங்கள். 25, பிறகு 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றி, டிரைவ் டிஸ்பிளேவில் கரண்டைப் பாருங்கள். சாதாரண கிளாம்ப் மீட்டர் டிரைவின் அவுட்புட்டில் பொய் சொல்லும். லோடு இல்லாமல் 50 ஹெர்ட்ஸில் நேம் பிளேட் ஆம்பியரில் பாதி வரை வருவது இயல்பு. முக்கால் பங்கைத் தாண்டினால் கனெக்‌ஷன் தவறு, அல்லது 415 டெல்டாவுக்குப் பதில் வேறு எதையோ கட்டியிருக்கிறீர்கள்.

பிறகு பெல்ட்டை மாட்டி, கியரை நியூட்ரலில் வைத்து அரை மணி நேரம். மோட்டார் பாடியில் கை வைத்து ஐந்து நொடி தாங்க முடிகிறதா பாருங்கள்.

ஹெட்ஸ்டாக்கையும் (லேத்தின் கியர் உள்ள தலைப்பகுதி) கவனியுங்கள். கியர் எண்ணெயை வாரி இறைத்து உயவு தரும் பழைய டிசைனில் 15 ஹெர்ட்ஸில் எண்ணெய் மேலே ஏறாது. அரைமணி, ஒரு மணி நேரம் மெதுவாக ஓட்டும் வேலை என்றால் கியரில் ஒரு படி குறைத்துவிட்டு ஹெர்ட்ஸை ஏற்றுங்கள். இழுவையும் அதிகம் கிடைக்கும். கியர்தான் இழுவையைப் பெருக்கும், டிரைவ் பெருக்காது. மேல் பக்கமும் எல்லை உண்டு: சக்கில் பொறித்த அதிகபட்ச ஆர்.பி.எம்.மைத் தாண்டும் கியரில் 85 ஹெர்ட்ஸ் கொடுக்காதீர்கள்.

என்ன பிரச்சினை வரும், ஏன்

நிறுத்தும்போது ஓவர் வோல்டேஜ் ட்ரிப்: கனமான சக் மோட்டாரை ஜெனரேட்டராக்கி டிரைவுக்குள் இருக்கும் டிசி வோல்டேஜை (டிசி பஸ்) ஏற்றுகிறது. சுமார் 800 வோல்ட்டில் டிரைவ் கையை விரித்துவிடும். டிசிலரேஷனைக் கூட்டுங்கள், அல்லது பிரேக் ரெசிஸ்டர் போடுங்கள். மேனுவலில் சொன்ன குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகக் கூடாது.

ஸ்டார்ட்டில் ஓவர் கரண்ட்: ஆக்சிலரேஷன் நேரம் போதவில்லை, அல்லது டார்க் பூஸ்ட் அளவுக்கு மீறி இருக்கிறது. பூஸ்ட்டைக் கூட்டினால் இழுவை கூடும் என்று 15, 20 என்று ஏற்றுவார்கள். காயில் சூடாவதுதான் மிச்சம்.

20 ஹெர்ட்ஸில் மோட்டார் கொதிக்கிறது: ஷாஃப்டில் உள்ள ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, காற்று இல்லை. பின்னால் தனி மெயினில் ஓடும் சின்ன ஃபேன் ஒன்றைக் கவருக்குள் பொருத்துங்கள். லோடு இல்லாமலேயே கொதித்தால் பூஸ்ட்டைப் பாருங்கள்.

ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸில் மட்டும் மெஷின் அதிர்ந்தால் ஸ்கிப் ஃபிரீக்வென்சியில் அந்த எண்ணைப் போட்டு, அகலம் 2 ஹெர்ட்ஸ் கொடுத்தால் டிரைவ் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும்.

இரண்டு வேகமும் கட்டாயம் வேண்டும் என்றால்

ஒரு சில வேலைக்கு வேண்டியிருக்கும். அப்போது டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் வைக்கலாம். ஆனால் மோட்டார் முழுக்க நின்று, டிரைவ் அவுட்புட் அணைந்த பிறகே அது திரும்ப வேண்டும். "நின்ன பிறகுதான் திருப்பணும்" என்று ஆபரேட்டரிடம் சொல்லி வைப்பது பாதுகாப்பு ஆகாது. முன்கூட்டியே பிரியும் ஆக்ஸிலரி கான்டாக்ட் உள்ள சுவிட்சாகப் பார்த்து, அந்தக் கான்டாக்ட்டை டிரைவின் எனேபிள் டெர்மினலில் தொடராகக் கட்டுங்கள். கைப்பிடி அசைந்த உடனே, மெயின் கான்டாக்ட் பிரியும் முன்பே டிரைவ் அவுட்புட்டை வெட்டிவிடும். இரண்டு வேகத்துக்கும் ஆம்பியரும் ஆர்.பி.எம்.மும் வேறு என்பதால், இரண்டு மோட்டார் செட் வைத்து இன்புட் மூலம் மாற்றும் வசதி உள்ள டிரைவ் வேண்டும். இது இல்லாமல் ஒரே செட்டிங்கில் இரண்டையும் ஓட்டினால் ஓவர்லோடு காவல் ஒரு வேகத்துக்குப் பொய்யாகிவிடும்.

ஒரு மாதம் ஓடிய பிறகு பவரை அணைத்துவிட்டு டெர்மினல் ஸ்குரூ எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். புது லக் முதல் சில வாரம் தளரும். டிரைவின் ஹீட் சிங்க்கை மாதம் ஒருமுறை காய்ந்த காற்றால் ஊதுங்கள், பனியன் கம்பெனிப் பக்கம் என்றால் வாரம் ஒருமுறை. டெர்மினல் பாக்ஸ் மூடியின் உட்புறம் எந்த கனெக்‌ஷன், என்ன ஆம்பியர், மேக்சிமம் எத்தனை ஹெர்ட்ஸ், என்ன தேதி என்று பெயிண்ட் மார்க்கரால் எழுதி வையுங்கள். அடுத்து அந்த மூடியைத் திறப்பவர் ஓப்பனாக இருக்கும் மூன்று ஒயரைப் பார்த்து, விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துக் கட்டிவிடுவார்.